மோட்டர் சுவிச்சும் புதுப் பாஷையும்

உதயரூபன் சீ என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராம்களைப் பற்றி வவுணதீவுப் பக்கம் பல கதைகள் உலாவுகின்றன. பெரும்பாலானவை மிகை. கிரானில் ஒரு நெல் ஆலைக்கு அவர் செய்து கொடுத்த ஈரம் பார்க்கும் கருவியின் கதை மட்டும் உண்மை. அந்தக் கருவிக்குள் ஓடிய புரோகிராம் அவ்வளவு வேகம்; மூட்டை உழவு இயந்திரத்திலிருந்து இறங்க முன்னமே நெல்லின் ஈரத்தைச் சொல்லிவிடும். ஒருநாள் இன்னும் வெட்டாத வயலின் ஈரத்தைச் சொல்லிவிட்டது. வயல்காரர் வந்து சண்டை பிடித்தார். அதன் பிறகு ஆலைக்காரர் கேட்டுக்கொண்டபடி உதயரூபன் அதைக் கொஞ்சம் மெதுவாக்கிக் கொடுத்தார்.

கணினிக்கு வேலை சொல்லப் பல பாஷைகள் இருந்தாலும் அவருக்குப் பாஷை ஒன்றுதான். இளந்தாரியாகக் கையில் எடுத்ததை ஐம்பது தாண்டியும் விடவில்லை. சீயில் ஒரு வசதி உண்டு. எழுதுகிறவர் என்ன சொன்னாலும் செய்யும், கேள்வி கேட்காது. ‘இந்த இடத்தில் இந்த எண்ணை எழுது’ என்றால் எழுதிவிட்டுப் போகும். அந்த இடத்தில் ஏற்கனவே வேறொருவர் குடியிருக்கிறாரா என்று எட்டிப் பார்க்காது. அந்த நம்பிக்கை உதயரூபனுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் அவரை அந்த அளவுக்கு நம்புகிறவர்கள் எவரும் இல்லை.

அவர் செய்தவற்றில் அவருக்கே பெருமையானது தண்ணிப் பெட்டி. வாவிக் கரையோரமும் வாய்க்கால் ஓரமும் நட்ட கம்பங்களில் சோற்றுப் பெட்டியளவில் ஒரு பெட்டி. கீழே ஒரு மிதவை. மேலே ஒரு சின்ன றேடியோ. தண்ணீர் எவ்வளவு உயரம் என்று பெட்டி அளந்துகொண்டே இருக்கும். சடுதியாக ஏறினால் விவசாயச் சங்கத்துக் கட்டடத்தில் சைரன் ஊதும், எல்லோருடைய போனுக்கும் செய்தி போகும். போனுக்குச் செய்தி அனுப்பும் பக்கத்தை அவரைப் போலவே புரோகிராம் எழுதுகிற ஏறாவூர்ப் பெண் இன்ஷிரா எழுதியிருந்தாள். பெட்டிக்குள் இருப்பது முழுக்க உதயரூபன்.

அந்தப் பெட்டிக்கு அங்கே வேலை இருந்தது. மாரியில் மேற்கே குளம் நிரம்பி வான் பாய்ந்தால் வவுணதீவுக்கு மேலே வானம் வெளித்திருக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். தூரத்து வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், மாடு மேய்ப்பவர்களும் வயலில் நிற்பவர்களும் பாதை மூட முன்னம் மேட்டுக்கு வந்து சேர வேண்டும். சேராவிட்டால் மாடு போகும். சில வருடங்களில் ஆளும் போயிருக்கிறது.

போன மாரியில் பெட்டி பொய் சொல்லத் தொடங்கியது. ஒரு பின்னேரம் வாவியின் நீர்மட்டம் தரைக்குக் கீழே போய்விட்டது என்று அறிவித்தது. சிலர் போய்ப் பார்த்தார்கள். வாவி இருந்த இடத்தில்தான் இருந்தது. இப்படி ஒரு செய்தி பரவியதில் கொஞ்சம் மனம் நொந்தது போலக் கிடந்தது. அடுத்த கிழமை தண்ணீர் தென்னை மரத்தளவு ஏறிவிட்டது என்று சைரன் ஊதியது. ஓட்டமாவடியிலிருந்து கல்யாணம் பேச வந்த ஒரு குடும்பம் கூரையில் ஏறி, அங்கேயே பேசி முடித்துவிட்டு இறங்கியது. அந்தச் சோடி இப்போதும் நன்றாக இருக்கிறது. ஆனால் உண்மையாகத் தண்ணீர் வந்த அன்று சைரன் ஊதியபோது யாரும் அசையவில்லை. வட்டை விதானை தங்கராசாவின் இரண்டு எருமைகள் அன்றைக்குப் போய்விட்டன.

வட்டை விதானை என்றால் அந்த வயல்களுக்கெல்லாம் தண்ணீர் பங்கிட்டு, வேலி பார்த்து, சண்டை தீர்ப்பவர். தங்கராசா அதிகம் கத்தமாட்டார். வந்து நின்றார்.

“தம்பி உதயன், உன்னோட எனக்குக் கோவமில்ல. பெட்டியோடதான் கோவம்.”

“விதானையார், நான் பாத்துக்கொண்டுதான் இரிக்கன்.”

“பாரு. நல்லாப் பாரு. வாற மாரிக்கும் அது ஒரு பொய் செல்லிச்செண்டா, எல்லாப் பெட்டியையும் புடுங்கி வாவிக்க போடுவன். அங்க கிடந்து மீனுக்குப் பொய் செல்லட்டும்.”

போன எருமைகள் இரண்டின் பெயரும் உதயரூபனுக்குத் தெரியும்.

*

பழுது எங்கே என்று அவர் மாதக்கணக்காகத் தேடினார். மேசையில் வைத்தால் பெட்டி பொய்யே சொல்லாது. வாளியில் தண்ணீர் நிரப்பி மிதவையை ஏற்றி இறக்கினார், சரியாகச் சொன்னது. மேலே தண்ணீர் ஊற்றினார், சொன்னது. கிணற்றுக்குள் இறக்கினார், கிணற்றின் ஆழத்தோடு, அதில் எப்போதோ விழுந்த தவமலரின் அகப்பை கிடக்கும் இடத்தையும் சொன்னது என்பார்கள். அகப்பைக் கதை மிகை. தவமலர் அவருடைய மனைவி. அகப்பை தொலைந்தது மட்டும் உண்மை.

ஒருநாள் இன்ஷிரா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். வேலையறைக்குள் வந்து, கதிரையில் கிடந்த வயர்ச் சுருளைத் தூக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணன், ஒண்டு செல்லட்டா? கோவிக்கப்படாது.”

“கோவம் வாறமாதிரி ஒண்டத்தான் செல்லப் போறா. செல்லு.”

“பெட்டிய திரும்ப எழுதுவம். சீயில வேணா. றஸ்ட்டில.”

“கண்டறியாத றஸ்ட்! நேத்துப் பிறந்த பாஷை. அதுக்கு நான் அரிவரி படிக்கணுமா?”

“நேத்துப் பிறந்ததுதான். ஆனா அது கேள்வி கேக்கும். உங்கட சீ ஒண்டும் கேக்காதே.”

“கேக்காததாலதான் புள்ள வேகம்.”

“கேக்காததாலதான் அண்ணன் வாவி தரைக்குக் கீழ போனது.”

உதயரூபன் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். “சரி, வெள்ளிக்கிழமை தொடங்கிறன். ஞாயிறு பின்னேரம் முடிஞ்சிரும்” என்றார். “ஒரு பாஷை தெரிஞ்ச ஆளுக்கு மற்றது என்ன, உடுப்பு மாத்திற வேலைதானே.”

இன்ஷிரா சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியதில் அவளுக்கு விக்கல் வந்தது. தவமலர் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்த ஞாயிறு பின்னேரம் எதுவும் முடியவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் முடியவில்லை. எழுதியதை இயந்திரத்துக்கு விளங்கும்படி மாற்றித் தரும் புரோகிராமுக்குக் கொம்பைலர் என்று பெயர். சீயின் கொம்பைலர் உதயரூபனின் பழைய கூட்டாளி. முணுமுணுத்தாலும் வேலையை முடித்துவிடும். றஸ்ட்டின் கொம்பைலர் அப்படியில்லை. அது கல்யாணப் பேச்சுக்கு வந்த பெண்ணின் தாய்மாமன் மாதிரி. மரியாதையாகப் பேசும். ஆனால் சம்மதம் என்று வெற்றிலை எடுக்காது.

முதலில் அரைப்புள்ளி. சீயில் ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் அரைப்புள்ளி வைத்து வைத்து அவருடைய சுண்டுவிரல் தானாகவே அந்தப் பக்கம் சாயும். றஸ்ட்டில் விடையைச் சொல்லும் கடைசி வரியில் அதை வைத்தால் விடை கையை விட்டுப் போய்விடும். கொம்பைலர் கோடு கீறி, அம்புக்குறி போட்டு, ‘இந்த அரைப்புள்ளியை எடுத்துவிடலாமே’ என்று கேட்டது. உதயரூபன் எடுத்தார். அடுத்த வரியில் திரும்ப வைத்தார். அது திரும்பக் கேட்டது. கடைசியில் சுண்டுவிரலுக்குப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு எழுதினார். பார்த்தவர்களிடம் மீன் முள்ளுக் குத்தியது என்றார்.

ஐம்பது வயதுக்குப் பிறகு அரிவரிக்காரனாக இருப்பது லேசில்லை. என்ன செய்ய வேண்டும் என்று தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. கை செய்வதெல்லாம் பழைய பாஷையில் சரி. அதுதான் கூடுதல் எரிச்சல். ஒன்றும் தெரியாதவன் பிழைவிட்டால் ஒரு முறை. தெரிந்தவன் அதே பிழையை நம்பிக்கையோடு திரும்பத் திரும்ப விடுவான்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் இடத்தில் போய்த் தட்டி நின்றார். றஸ்ட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் உரிமையாளர் ஒருவர்தான். அதை இன்னொருவருக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். பிறகு பழைய ஆள் அதைத் தொட ஏலாது. கொடுக்க மனமில்லாவிட்டால் இரவல் கொடுக்கலாம். பார்க்க மட்டும் என்றால் எத்தனை பேருக்கும் இரவல் கொடுக்கலாம். மாற்றுவதற்கு என்றால் ஒருவருக்கு மட்டும், அந்த நேரத்தில் வேறு எவரும் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. உதயரூபனின் புரோகிராமில் தண்ணீரின் உயரத்தை எழுதி வைக்க ஒரு சின்ன இடம் இருந்தது. அளந்து அதில் எழுதுவார். அதை அனுப்பச் சொல்லி றேடியோவிடம் கொடுப்பார். அடுத்த அளவை அதிலேயே எழுதுவார். சீயில் காலமெல்லாம் செய்த வேலை. இங்கே கொம்பைலர் மறித்தது. ‘இதை இந்த வரியில் றேடியோவிடம் கொடுத்துவிட்டீர்கள். இந்த வரியில் திரும்பத் தொடுகிறீர்கள்.’ இரண்டு வரிக்கும் கோடு கீறிக் காட்டியது.

“குடுத்தா என்ன? நான்தானே செய்தன்!” என்று உதயரூபன் திரையைப் பார்த்துக் கத்தினார்.

திரை அதே இரண்டு கோடுகளையும் காட்டிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். றஸ்ட்டில் ஒரு சொல் உண்டு. அதை எழுதி அடைப்புக்குறி போட்டால், உள்ளே நடப்பதற்கு நானே பொறுப்பு, நீ அவ்வளவு கிண்டாதே என்று பொருள். வேறு வழியே இல்லாத இடத்தில் ஊறுகாய் அளவுக்குத் தொட்டுக்கொள்வதற்காக வைத்தது. உதயரூபன் பானையோடு எடுத்து, பொருளுக்குப் பதில் அது இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் சீ முறையில் கைமாற்றி, புரோகிராம் முழுவதையும் அதற்குள் போட்டு மூடினார். இன்ஷிரா வந்து பார்த்தாள்.

“இது என்ன அண்ணன்?”

“றஸ்ட்.”

“இது றஸ்ட் இல்ல. சீக்குத் தொப்பி போட்டுக் கூட்டிவந்திரிக்கீங்க.”

“ஓடுது தானே?”

“மழைக்கும் ஓடுமா?”

அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐப்பசி பிறந்திருந்தது. வாவிக்கு மேலே வடகிழக்கில் முகில் கட்டத் தொடங்கியிருந்தது.

*

இந்த இடத்தில் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் மகள் கல்யாணம் முடித்தால் வீடு மகளுக்கு. மருமகன் அங்கே வந்து இருப்பார். தாயும் தகப்பனும் ஒதுங்கிக் கொள்வார்கள். அதுதான் வழமை, அதில் பேச்சுக்கு இடமில்லை. ஆவணியில் மகள் தனுஷியாவுக்குக் கல்யாணம் நடந்தது. உறுதிப் பத்திரம் எழுதி வீட்டைக் கொடுத்துவிட்டு, உதயரூபனும் தவமலரும் பின்வளவில் கட்டிய சின்ன வீட்டுக்குப் போனார்கள். ஊரே பாராட்டியது. ஆனால் உதயரூபனின் வேலையறை பெரிய வீட்டின் முன்னறையிலேயே இருந்தது. பின்வளவிலிருந்து அதற்குப் போகும் பாதை குசினிக்குள்ளால். குசினிச் சுவரில்தான் தண்ணீர் மோட்டரின் சுவிச்.

கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் மோட்டர் பழுதாயிற்று. மருமகன் தனோஜன் கிரான்காரன், ஒழுங்கானவன். காலையில் மோட்டரைப் போட்டுவிட்டு மிளகாய்க் கன்றுகள் பக்கம் போவான். திரும்பி வந்தால் மோட்டர் நின்றிருக்கும், தொட்டி காய்ந்திருக்கும். இன்னொரு நாள் நிறுத்திவிட்டுப் போவான். மோட்டர் தன்பாட்டில் ஓடித் தொட்டி வழிந்து முற்றம் குளமாகும். மோட்டர் திருத்தும் பாறூக்கைக் கூட்டி வந்தார்கள். அவர் மோட்டரைக் கழற்றி முற்றத்தில் வைத்து ஓட்டினார். அது அவ்வளவு ஒழுங்காக ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர் தம்முடைய மோட்டரைக் கொண்டுவந்து, இதைப் பார்த்துப் படி என்று காட்டிவிட்டுப் போனார்.

“இதில ஒரு பழுதும் இல்ல மகன்” என்றார் பாறூக். “வீட்டிலதான் ஏதோ இரிக்கி. தேசிக்காய் வெட்டிப் பாருங்க.”

கண்ணூறு கழியத் தேசிக்காய் வெட்டினார்கள். மோட்டர் திருந்தவில்லை.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை, உதயரூபன் தலையில் றஸ்ட்டைச் சுமந்துகொண்டு குசினிக்குள்ளால் போனார். மோட்டர் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ மறந்துவிட்டார்கள். இருபது வருடமாகச் செய்ததைக் கை செய்தது, சுவிச்சை நிறுத்தியது.

“அப்பா!”

குளியலறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. துவாயைச் சுற்றிக்கொண்டு, தலை முழுக்கச் சவர்க்கார நுரையோடு தனுஷியா நின்றாள். ஒரு கண்தான் திறந்திருந்தது. அந்த ஒன்றே போதுமாக இருந்தது.

“கைய எடுக்காதீங்க. அப்பிடியே நில்லுங்க. தனோ! ஓடி வாங்க! மோட்டர் பழுதில்ல. பழுது இஞ்ச நிக்கிது!”

தனோஜன் ஓடி வந்தான். சுவிச்சில் கையோடு நிற்கும் மாமாவைப் பார்த்தான். பிறகு மரியாதையாகக் கூரையைப் பார்த்தான்.

“ஓடிக்கொண்டிருந்திச்சு புள்ள. அதான் நிப்பாட்டினன்” என்றார் உதயரூபன்.

“ஓடத்தான் போட்டது! நிக்கிற நேரம் என்ன செய்வீங்க?”

“போடுவன். தொட்டியில தண்ணி வேணுமே.”

“கல்யாணம் முடிச்ச நாளையிலிருந்து இதா நடக்குது? பாறூக் காக்காவைக் கூப்பிட்டு, மோட்டரைக் கழட்டி, தேசிக்காய் வெட்டி... அப்பா, இந்த வீட்ட எனக்குத் தந்தீங்களா இல்லையா?”

“தந்தன்தான்.”

“உறுதி எழுதி?”

“ஓம்.”

“அப்ப மோட்டர் ஆர்ட?”

உதயரூபன் சுவிச்சிலிருந்து கையை எடுத்தார். அவருடைய முகம் மெல்ல மெல்ல மாறியது. அவருக்கு நெஞ்சு வருத்தம் வந்துவிட்டது என்று பயந்து தனோஜன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டான்.

“திருப்பிச் செல்லு” என்றார் உதயரூபன்.

“என்னத்த?”

“நான் தந்தன். தந்த பிறகு தொட்டன். அவனும் தொடுறான், நானும் தொடுறன். கழட்டி முற்றத்தில வச்சா ஓடுது. வீட்டுக்க மட்டும்தான் பழுது.” அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. “மேசையில வச்சா ஓடுது! மழைக்க மட்டும்தான் பழுது!”

முன்னறைக்கு ஓடினார். மோட்டரைப் போடாமலே போய்விட்டார். சவர்க்கார நுரை அன்று தனுஷியாவின் தலையில் நன்றாகக் காய்ந்து, பிறகு சீப்பு இறங்கவில்லை என்று சொல்வார்கள்.

பழைய சீ புரோகிராமைத் திறந்தார். அளந்த எண்ணை றேடியோவிடம் கொடுக்கிறார். வெயில் நாளில் றேடியோ கண்மூடித் திறக்க முன்னம் அனுப்பிவிடும், மேசையிலும் அப்படித்தான். மழைக்குள் சமிக்ஞை போய்ச் சேராது. றேடியோ திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டு நிற்கும். அது இன்னும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, உதயரூபனின் அடுத்த அளவு வந்து அதன்மேல் விழும். பாதி பழைய எண், பாதி புதிய எண். அப்படித்தான் வாவி தரைக்குக் கீழே போயிற்று. அப்படித்தான் தென்னை மரத்துக்கு ஏறிற்று.

றஸ்ட்டைத் திறந்தார். தொப்பியைக் கழற்றினார், அந்த அடைப்புக்குறிகளையும் சொல்லையும் முகவரிகளையும் எடுத்தெறிந்தார். கொம்பைலர் அதே இடத்தில் அதே இரண்டு கோடுகளைக் கீறியது. இந்த வரியில் கொடுத்தீர்கள். இந்த வரியில் தொடுகிறீர்கள்.

அவர் மாதக்கணக்காகத் தேடிய பழுது அதுதான். முதல் ஞாயிறே அது விரலை வைத்துக் காட்டியிருக்கிறது. குழப்படி என்று நினைத்து இவர்தான் அதன் வாயை மூடப் பார்த்திருக்கிறார். எத்தனையோ பேர் அவருடைய புரோகிராமை ஓட்டியிருக்கிறார்கள், புகழ்ந்திருக்கிறார்கள், திட்டியும் இருக்கிறார்கள்; வரிக்கு வரி நின்று, ‘இதை நீங்கள் கொடுத்துவிட்டீர்களே’ என்று சொல்லும் அளவுக்கு ஒருவரும் வாசித்ததில்லை. எங்கோ முகம் தெரியாத சிலர், ஒரு பிழை நடக்க முன்னமே அதை மறிக்கும் விதத்தில் ஒரு பாஷையை யோசித்து யோசித்துச் செய்திருக்கிறார்கள். அதுவும் திட்டாமல்.

உதயரூபன் கதிரையை விட்டு எழுந்தார். கோயில் தேருக்கும் தலைமை ஆசிரியருக்கும் மட்டும் எழும்புகிற மனிதர். கொஞ்ச நேரம் திரைக்கு முன்னால் அப்படியே நின்றார். பிறகு சுண்டுவிரல் பிளாஸ்டரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

வழி நேரானதாக இருந்தது. ஓர் இடத்துக்குப் பதில் இரண்டு. ஒன்றை றேடியோவிடம் கொடுத்துவிட வேண்டும். அனுப்பி முடிந்ததும் றேடியோ அதைத் திருப்பிக் கொடுக்கும். அதுவரை அதன் பக்கம் போகக் கூடாது, மற்றதில் எழுத வேண்டும். போனால் கொம்பைலர் விடாது. இப்போது அது மறிக்கும்போது அவருக்குக் கோபம் வரவில்லை. ஒவ்வொரு மறுப்பையும் வெளிநாட்டிலிருந்து வந்த கடிதம் மாதிரி இரண்டு தரம் வாசித்தார். சில இடத்தில் “ஓம், ஓம், விளங்குது” என்று பதிலும் சொன்னார். தவமலர் தேத்தண்ணியோடு வாசலில் நின்று கேட்டுவிட்டு, யாரோ பெரியவர் வந்திருக்கிறார் என்று எண்ணி இன்னொரு கோப்பையும் ஊற்றி வந்தார்.

ஒரு பின்னேரம் கொம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. தாய்மாமன் வெற்றிலை எடுத்துவிட்டார்.

இன்ஷிரா வந்து வரி வரியாகப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு வரவில்லை, வேறொன்று வந்தது.

“அண்ணன், இது சீ ஆள் எழுதின மாதிரியே இல்ல.”

“பாராட்டா, ஏச்சா?”

“மாஷா அல்லா எண்டா என்ன அர்த்தம்? எனக்கு இதுக்குள்ள வர ஒரு வருசம் போச்சு. நீங்க ஒரு மாரிக்கு முன்னம் வந்திட்டீங்க. எப்பிடி?”

“மகள் படிப்பிச்சாள்” என்றார் உதயரூபன். “தலையில சவுக்காரத்தோட.”

அன்றே வேலையறைச் சாமான்களைக் கட்டிப் பின்வளவுக்குக் கொண்டுபோகத் தொடங்கினார். தனுஷியா வந்து வாசலில் நின்றாள்.

“ஏனப்பா தூக்கிறீங்க? முன்னறைய வச்சிருங்க. நான் தாறன்.”

“தாறியா, இரவலா?”

“இரவல்தான்.”

“பாக்க மட்டுமா? மாத்தவும் ஏலுமா?”

“மேசைய மாத்தலாம். சுவிச்ச மாத்தக் கூடாது” என்றாள் அவள், யோசிக்காமல். இன்ஷிரா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பிள்ளை ஒரு வரி எழுதாமலே றஸ்ட் படித்துவிட்டது என்றாள்.

*

புதுப் புரோகிராமை எல்லாப் பெட்டிகளிலும் ஏற்றிய பிறகு, கார்த்திகையில் ஒருநாள் மதியம் தாண்டி, வவுணதீவுக்கு மேலே வெயில் எரித்துக்கொண்டிருந்தபோது சைரன் ஊதியது.

சங்கத்துக் கட்டடத்துக்கு முன்னால் ஆட்கள் கூடினார்கள். அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள். ஒருவர், கல்யாணம் பேச வேண்டியவர்கள் கூரைக்கு ஏறலாம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தங்கராசா சிரிக்கவில்லை. அவருடைய மிச்ச எருமைகளும் ஊராரின் மாடுகளும் தூரத்து வட்டையில் நின்றன. போய் மேட்டுக்குச் சாய்த்து வர வேண்டுமென்றால் இப்போதே போக வேண்டும். பொய்யென்றால் அரைநாள் வேலையும் அவருடைய சொல்லும் போகும்.

“தம்பி உதயன். மழையில்ல. பெட்டி ஏறுது எண்டுது. போய்ப் பாத்திட்டு வாறியா?”

போன மாரியில் ஒவ்வொரு சைரனுக்கும் உதயரூபன் சைக்கிளில் ஓடிப்போய்க் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்தவர். இன்று சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. அவர் அதன் பக்கம் போகவில்லை.

“விதானையார், மிதவையில மரக்கட்டை சிக்கியிருக்கலாம். எலி வயரக் கடிச்சிருக்கலாம். அதுக்கு நான் உத்தரவாதம் செல்ல மாட்டன். ஆனா மூண்டு பெட்டியும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா, மேற்கிலிருந்து ஏறுது. மூண்டிலயும் எலி வரிசையா வராது. போன வருசம் நடந்தது வேற. ஒரு எண்ண ரெண்டு பேர் தொட்டது. அது இனி நடக்காது. நடக்க விடாது.”

“ஆர் விடாது?”

“அத எழுதின பாஷை.”

தங்கராசா அவருடைய முகத்தைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார் என்று சொல்ல ஏலாது. அதற்கு நேரம் இருக்கவில்லை. பிறகு வாயில் கிடந்த வெற்றிலையைத் துப்பினார்.

“உழவு இயந்திரத்த எடுங்கடா! வட்டைக்குப் போவம்!”

மாடுகளைச் சாய்த்துக்கொண்டு கடைசி ஆள் மேட்டுக்கு ஏறியபோது மேற்குப் பக்கப் பாதை பளபளக்கத் தொடங்கியது. முதலில் வெயில் என்றுதான் நினைத்தார்கள். பிறகு அது நகர்ந்தது. தண்ணீர் வட்டைக்குள் வந்து, வரம்பெல்லாம் ஏறி இறங்கி, எருமைகள் படுத்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் அகப்படாமல் ஏமாந்து வாவிப் பக்கம் போனது. பார்த்துக்கொண்டிருந்த ஓர் எருமை கொட்டாவி விட்டதாகப் பலர் சத்தியம் செய்கிறார்கள்.

தங்கராசா மேட்டில் குந்தியிருந்து தம்முடைய எருமைகளை ஒருக்கால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். எல்லாம் தலை நிமிர்த்தின. பிறகு உதயரூபனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“அந்தப் பாஷை என்னெண்டு சென்னா?”

“றஸ்ட்.”

“கெட்டிக்காரப் பாஷையா?”

“மறிக்கிறதுல கெட்டி, விதானையார். பிழை விடப் போனா கையப் பிடிச்சு மறிக்கும். எங்க பிழை எண்டும் காட்டும். நானும் பாத்திட்டன், அதுட வாயில ஒரு கெட்ட சொல் வராது.”

தங்கராசா யோசித்தார். “எங்கட வாய்க்கால் தண்ணி பங்கிடவும் அப்பிடி ஒரு ஆள் கிடைச்சா நான் இளைப்பாறிருவன்” என்றார். கொஞ்சம் கழித்து, “பெட்டியள வாவிக்க போடல்ல. இரிக்கட்டும்” என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. உதயரூபனுக்கு அது பொன்னாடை போர்த்தியது போல இருந்தது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மழை உள்ளூருக்கும் வந்துவிட்டது. நனைந்துகொண்டு குசினிக்குள் நுழைந்தார். மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி நிரம்பி, சுவர் வழியே வழிந்து, முற்றத்து மழையோடு சேர்ந்துகொண்டிருந்தது. தனோஜன் நிச்சயமாக மறந்துவிட்டான். சுவிச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வலது கை தன்பாட்டில் எழும்பியது.

உதயரூபன் இடது கையால் அதைப் பிடித்து, இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“தனுஷியா!” என்று கூப்பிட்டார். “புள்ள! உன்ட மோட்டர் ஓடுது!”

பதில் வரவில்லை. மழைச் சத்தத்தில் கேட்கவில்லைப் போல. தொட்டி வழிந்தது. கைகள் இரண்டும் பின்னால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்க, அவர் இன்னும் கொஞ்சம் உரக்க, மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நின்றார்.